இரண்டு கதவுள்ள அறை

பதினொரு மணிக்கு வருவார்கள் என்றார்கள். இப்போது பத்தே முக்கால். என்னை இந்த அறை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு பித்தளைச் சொம்பையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் நேத்ரா, எங்கள் பழைய காப்பிக் கொட்டைக் கம்பெனியை ஓட்டலாக மாற்றிக் கொடுக்கிற பெண். சொம்பு எதற்கம்மா என்று கேட்டேன். அழகுக்குத்தான், நீங்கள் இங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்திருப்பீர்கள் அல்லவா என்றாள். நாங்கள் குடித்தது தகர டிரம்மில், சங்கிலி போட்டுக் கட்டிய அலுமினிய டம்ளரில். சங்கிலி நீளம் பற்றாது, குனிந்துதான் குடிக்க வேண்டும். அதைச் சொன்னால் நாளைக்கே ஒரு சங்கிலி வாங்கி வந்து மாட்டிவிடுவாள், கெட்டிக்காரி, சொல்லாமல் விட்டேன். சேலையும் அவள் எடுத்ததுதான். பச்சைக் கட்டம், கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கிறது. அந்தக் காலத்தில் கொட்டைக் கம்பெனிப் பெண்களெல்லாம் இதைத்தான் கட்டினார்களாம். யார் சொன்னது? நான் இருபத்தாறு வருஷம் இங்கே காப்பிக் கொட்டை பொறுக்கினேன், ஒரு நாள்கூட இப்படி ஒரு சேலையைக் கட்டினதில்லை. கிழிசல்தான் கட்டி வருவோம், நல்லது கட்டினால் தூசியில் போய்விடும். மயிலாத்தாள் என்கிற என் பெயரைக்கூடப் பாதியாக வெட்டி மயிலம்மா என்று அட்டையில் எழுதி நெஞ்சில் ஊக்கு குத்தியிருக்கிறார்கள். இருக்கட்டும். பெயர் போனால் போகிறது. தலைக்கு மேலே சுவரில், கண்ணாடி போட்டு, சின்ன விளக்கு வேறு வைத்து, அந்த எழுத்து இருக்கிறதே, அதைத்தான் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்கிறேன். பார்க்காவிட்டாலும் தெரிகிறது. பெண் தொழிலாளர் ஓய்வறை. கீழே ஓட்டல்காரர்கள் வைத்த தகட்டில் 1931. கம்பெனி கட்டின வருஷம் அது, கல்லில் செதுக்கி வாசலிலேயே இருக்கிறது. ஆனால் இந்த எழுத்து எழுதின வருஷம் 1984. எழுதின ஆளை எனக்குத் தெரியும். எழுதச் சொன்ன ஆளையும் தெரியும். எழுதினது உண்மை என்று சாட்சி சொன்ன ஆள் இங்கே சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

காப்பி மணம் வருகிறது. களத்துப் பக்கம் ஏதோ மெஷினில் போடுகிறார்கள். ஊரிலே எல்லாரும் ஆகா, பழைய கம்பெனியின் அதே வாசனை என்கிறார்கள். எந்த வாசனை? இங்கே காப்பியை வறுத்ததே கிடையாது. மலையிலிருந்து தோலோடு லாரியில் வரும், களத்தில் காயப்போடுவார்கள், மெஷினில் தோல் நீக்கிச் சலித்து எங்களிடம் விடுவார்கள், நாங்கள் பொறுக்கிக் கொடுத்ததும் சாக்கில் போட்டுத் தைத்துக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள். பச்சைக் கொட்டைக்கு வாசனை ஏது, ஈரச் சாக்கும் வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு நெடி, அவ்வளவுதான். வறுத்த காப்பி எப்படி மணக்கும் என்று முதன்முதலில் எனக்குத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது. அதுவும் பாதி சிக்கரி. சரி, எதற்கு இதெல்லாம், பதினொரு மணிக்கு வரப்போகிறார்கள், என்ன சொல்வது என்று யோசி மயிலாத்தா. நேத்ரா எழுதியே கொடுத்திருக்கிறாள், நாலே வரி. வணக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இந்த அறையில்தான் நாங்கள் இளைப்பாறுவோம். முதலாளி வீட்டம்மா எங்களைச் சொந்தப் பிள்ளைகளைப் போல் பார்த்துக்கொண்டார். நீங்களும் உள்ளே வந்து இளைப்பாறுங்கள். அப்புறம் கதவைத் திறந்துவிட வேண்டும். உள்ளே மெத்தை சோபா, ரோஜாப்பூ மிதக்கிற உருளி, கால் பிடித்துவிட இரண்டு பெண்கள். தங்க வருகிற பெண்களுக்கு இனி இதுதான் ஓய்வறை. இளைப்பாறுவோம். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவே மாட்டேன் என்கிறது. நேற்று ஒத்திகையில் மூன்று தடவை சிக்கிக்கொண்டது. பதற்றம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள் அந்தப் பெண். பதற்றமெல்லாம் இல்லை கண்ணு. இந்த அறைக்கு ஏன் இரண்டு கதவு என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? ஓய்வெடுக்கிற அறைக்கு ஒரு கதவு போதாதா? ஒன்று பொறுக்குகிற ஹாலுக்கு, இன்னொன்று ரோட்டுக்கு. உள்ளே நுழைந்தால் மறுபக்கம் வெளியே போக வேண்டும். நடுவிலே ஆலீஸக்கா நிற்பாள்.

ஆலீஸக்கா கெட்டவளில்லை. அவளுக்குக் கொடுத்த வேலை அது. சங்கு ஊதினதும் நூற்றிருபது பேர் வரிசையில் நிற்போம், ஒருத்தி உள்ளே போனால் கதவை அடைப்பாள், கையைத் தூக்கு என்பாள். கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள், முந்தானையை உதறச் சொல்வாள், மடியைத் தடவுவாள், ரவிக்கைக்குள் இரண்டு விரல். விரல் எப்போதும் சில்லென்று இருக்கும், டெட்டால் தண்ணீரில் கழுவிக் கழுவி. ஆறாவது மாதம் வயிற்றோடு நின்றவளையும் அப்படித்தான். தூரமான நாளிலும் அப்படித்தான், அதை வாயால் சொல்ல வேண்டும், சொன்னாலும் பார்ப்பாள். காப்பிக் கொட்டையைத் திருடிக்கொண்டு போய் நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? பச்சைக் கொட்டையை மென்றால் பல் போகும். ஆண்களுக்குச் சோதனை கிடையாது, சட்டைப்பையைக் காட்டிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டே போவார்கள். முதல் நாள் நான் அழுதேன். இரண்டாம் நாள் அழவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஜவுளிக்கடையில் பையைச் சோதிக்க ஒரு பெண் வந்தபோது, நானாகவே இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். கடையே சிரித்தது. என் மகள் பூங்கொடிக்கு மானம் போயிற்று. என்னம்மா கோமாளி மாதிரி என்று வழியெல்லாம் பேசினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அரிசி பொறுக்க உட்கார்ந்தவள், பொறுக்கின அரிசியையே திரும்பத் திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சொம்பைக் கீழே வைக்கலாமா? கை வியர்க்கிறது. வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பதினாலு. அந்த எண்ணிக்கைக்கு வந்துவிட்டேன், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கின வேலாத்தாள் மடியில் பதினாலு கொட்டை. பெல்ட்டில் கொட்டை ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் நாங்கள். கருப்பு, உடைசல், பூச்சி விழுந்தது, கல், எல்லாவற்றையும் பொறுக்கி இடது பக்கத் தகர டப்பாவில் போட வேண்டும். கை டப்பாவுக்குப் போய்வருவதற்குள் நாலு கருப்பு தாண்டிவிடும். அதனால் மடியில் போட்டுக்கொள்வோம். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிப் பை மாதிரி விட்டுக்கொண்டு, வலது கை பொறுக்கப் பொறுக்க அப்படியே மடியில் தள்ளிவிட்டு, பெல்ட் நின்றதும் டப்பாவில் உதறுவோம். கூடாது என்று சட்டம்தான். ஆனால் அப்படிச் செய்தால்தான் வேலை ஓடும் என்று மேஸ்திரிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். ஹாலுக்குள் இருக்கிறவரை அது சாமர்த்தியம். கதவுக்கு வந்துவிட்டால் திருட்டு. அன்றைக்கு வேலாத்தாளுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். சங்கு ஊதினதும் எழுந்து ஓடினாள், உதற மறந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் எல்லாருமே ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மறந்திருப்போம், வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்து ஓரமாக உதறியிருப்போம். அவளுக்கு ஞாபகம் வரவில்லை, பிள்ளை ஞாபகம்தான் இருந்தது. ஆலீஸக்கா மடியைத் தடவினதும் கொட்டை சிமெண்டுத் தரையில் உருண்டது, வெளியே வரிசையில் முதலாவதாக நின்ற எனக்குக் கேட்டது. எல்லாம் கருப்பு. கழித்துப்போட்டது. மாட்டுக்குக்கூட ஆகாது. மேனேஜர் வந்தார். எண்ணச் சொன்னார். பதினாலு. சேலையை அவிழ்த்துக் காட்டச் சொல்லிவிட்டு அவர் வாசலில் திரும்பி நின்றுகொண்டாராம், அது அவர் மரியாதை. பாவாடை ரவிக்கையோடு ஒரு மணி நேரம் அவளை அங்கேயே நிறுத்தினார்கள், மற்றவர்களுக்கு ஒரு பயம் இருக்கட்டும் என்று. மீதி நூற்றுப் பத்தொன்பது பேரையும் அந்த அறை வழியாகத்தான் விட்டார்கள். ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டித்தான் ரோட்டுக்குப் போனோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள், எனக்குத் தெரியும், ஆனாலும் நான் பார்த்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்று இப்படி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். வேலாத்தாள் சும்மா விடவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள், அவள் மனு எழுதிப் போட்டாள். யாரிடமோ எழுதி வாங்கி, பெருவிரலை உருட்டி, தொழிலாளர் ஆபீசுக்கு. இப்படி ஓர் அறை இருக்கிறது, இதில் பெண்களை இன்னின்ன மாதிரி நடத்துகிறார்கள், வந்து பாருங்கள் என்று. அந்தக் காலத்தில் அப்படி எழுத எத்தனை பேருக்கு நெஞ்சு இருந்திருக்கும்? எனக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் வருகிற தேதி கம்பெனிக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் சுண்ணாம்பு அடித்தார்கள். சாக்குக்கு மார்க் போடுகிற பழனியப்பண்ணன் அதே கருப்பு மையில், அதே சாக்கு எழுத்தில் ஹால் பக்கச் சுவரில் எழுதினார். பெண் தொழிலாளர் ஓய்வறை. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பாய், ஒரு பானை. ஆலீஸக்காவை லீவில் போகச் சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டார் மேனேஜர். பத்தொன்பது வயது, எட்டாவது படித்தவள், முகம் பார்த்துப் பேசுவேன். நீ நிரந்தரம் ஆகணுமில்ல மயிலாத்தா என்று மட்டும்தான் கேட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அப்பா அப்போது படுத்த படுக்கை. நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உண்டு. இதை யாரிடமும் காரணமாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவும் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கட்டிலைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது என்னம்மா அறை என்றார். "ஓய்வு எடுக்கிற அறைங்கய்யா" என்றேன். எழுதிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே ரோட்டுப் புளியமரத்தடியில் வேலாத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, அம்மா, நீ சொன்ன மாதிரி ஒன்றுமில்லையே, உன் கூட வேலை செய்கிற பெண்ணே சொல்கிறதே என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். மறுநாள் கட்டிலை எடுத்துவிட்டார்கள். ஆலீஸக்கா வந்துவிட்டாள். எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழே நுழைந்து போய் இன்னும் இருபத்தைந்து வருஷம் நான் கையைத் தூக்கினேன். அப்புறம் யாரோ மேலே டிஸ்டெம்பர் அடித்தார்கள், கம்பெனி மூடினார்கள், பதினைந்து வருஷம் வௌவால் குடியிருந்தது. இந்தப் பெண் நேத்ரா வந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி அதை வெளியே கொண்டுவந்தாள். கண்ணில் தண்ணீரோடு என்னைக் கூட்டிவந்து காட்டினாள். அந்தக் காலத்திலேயே பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை, எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்றாள். அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் பொய் சொன்னது என்றும் சொல்ல வேண்டும். நல்லா இருக்குது கண்ணு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மணி என்ன, பதினொன்று ஆகப்போகிறதா? களத்தில் மேளம் கேட்கிறது. அந்தம்மா இறங்கியிருப்பார்கள். சுலோசனா அம்மா, அன்றைய முதலாளியின் மனைவி, எண்பத்திரண்டு வயதாம், பேரன்தான் இப்போது ஓட்டல் நடத்துகிறார். அந்தம்மா தீபாவளிக்கு மட்டும் வருவார்கள், ஹால் வாசலில் நின்று ஆளுக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு நாங்கள் சோதனை அறைக்குப் போவோம், ஆலீஸக்கா பாக்கெட்டையும் பிரித்துப் பார்ப்பாள். அது அந்தம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாது என்றால் அது ஒரு குற்றம், தெரியும் என்றால் வேறொரு குற்றம், எனக்கு இரண்டும் ஒன்றுதான். பூங்கொடி காலையிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இங்கே மேல்மாடி அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறது, பத்துப் பேருக்கு மேலே சூப்பர்வைசர், மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனபின் முதல்முறையாக நிமிர்ந்து நடக்கிறாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, எழுதிக் குடுத்ததச் சொல்லிட்டு எறங்கி வந்துரு. உன்ற பழைய கதையெல்லாம் ஆரு கேட்டா?" என்றாள். அவள் சொல்வதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அப்பாவுக்காக ஒரு தடவை சொன்னேன், மகளுக்காக இன்னொரு தடவை சொல்ல வேண்டியதுதானே. இப்படித்தான், இப்படியேதான் ஆள் மாற்றி ஆள் மாற்றி ஒருத்தரைக் காட்டி நம் வாயை அடைக்கிறார்கள், அவர்கள்கூட இல்லை, நாமே அடைத்துக்கொள்கிறோம். போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் காரமடைக்குப் போனேன். வேலாத்தாள் அங்கேதான் இருக்கிறாள், பேரனோடு. நாற்பது வருஷமாக என்னோடு பேசாமல் இருந்தவள் என்று நினைக்க வேண்டாம், நல்லது கெட்டதுக்கு வருவாள், என் அப்பா சாவுக்கு வந்தாள், பூங்கொடி கல்யாணத்தில் பந்தியில் பரிமாறினாள். அதைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசினதில்லை. ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இப்படி இப்படி, அந்த அறையைத் திறக்கிறார்கள், என்னைப் பேசச் சொல்கிறார்கள் என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அன்னிக்கும் உன்னத்தான் கேட்டாங்க. இன்னிக்கும் உன்னத்தான் கேக்கறாங்க. என்னைய ஆரும் கேக்கல பாரு" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அப்புறம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றாள், சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வருகிறார்கள். ஹால் பக்கம் செருப்புச் சத்தம், போட்டோக்காரர்கள், பேரன், பட்டுச்சேலைகள், பின்னால் சுவரோரம் பூங்கொடி. அழுவேன் என்று நினைத்தேன், இல்லை, அழவெல்லாம் மாட்டேன், அழுதால் தோளைத் தட்டிக்கொடுத்து அதையும் போட்டோ பிடிப்பார்கள். எழுந்து நின்றேன். சுலோசனா அம்மா கைத்தடியோடு மெதுவாக வந்தார்கள், எழுத்தை நிமிர்ந்து பார்த்தார்கள், கண் கலங்கினார்கள். மயிலம்மா இங்கே இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர், அவரே சொல்வார் என்றாள் நேத்ரா. வணக்கம் சொன்னேன். அடுத்த வரி இளைப்பாறுவோம். வரவில்லை. அந்தம்மாவே எடுத்துக்கொடுத்தார்கள். மத்தியானத்தில் நம்ம பொம்பளைகள் இங்கேதானே சித்த நேரம் கண்ணசருவார்கள், இல்லையா மயிலு என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இதற்கு முன்னால் ஒரு தடவை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். கதவைத் திறந்தேன், ஆனால் வழி விடவில்லை. நிலைப்படியில் குறுக்கே நின்றேன். "கையத் தூக்குங்கம்மா" என்றேன். ஏதோ விளையாட்டு, ஓட்டல் ஏற்பாடு என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள், பேரன்கூடச் சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தபடி ஒரு கையை ஆசீர்வாதம் செய்கிற மாதிரி தூக்கினார்கள். "ரெண்டு கையையும் தூக்குங்க. கொண்டைய அவுக்கோணும். முந்தானைய ஒதறோணும். இந்த ரூமுக்குள்ள வந்தா அப்படித்தானுங்க. நாங்க நூத்தியிருவது பேரும் தெனமும் அப்படித்தான் வெளிய போனம். இது ஓய்வறை இல்லீங்க, சோதனை அறை. அந்த எழுத்து இன்ஸ்பெக்டரு கண்ணுக்கு எழுதுனது. ஓய்வறைன்னு அவர்கிட்டப் பொய் சொன்னது நானுங்க." என் குரலா அது? பொறுக்குகிற ஹால் முழுக்கக் கேட்டது. யாரோ அம்மா என்று கூப்பிட்டார்கள், பூங்கொடியாகத்தான் இருக்கும், திரும்பவில்லை. பேரன் நேத்ராவைப் பார்த்தார், நேத்ரா சுவரைப் பார்த்தாள். வேலாத்தாள் பெயரைச் சொன்னேன், ஊர் பெயரைச் சொன்னேன், பதினாலு கொட்டையைச் சொன்னேன், எந்த இடத்தில் அவளை நிறுத்தினார்கள் என்று அந்த ரோஜாப்பூ உருளியைக் காட்டினேன். சேலையை அவிழ்க்கச் சொன்னார்கள் என்று நான் சொன்னபோது, தூக்கின கை கீழே இறங்கி, சுலோசனா அம்மா தன்னையறியாமல் முந்தானையை இழுத்து மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கையாலும், விரல் வெளுக்க. யாரும் அவர்களைத் தொடவில்லை, நானும் தொடவில்லை.

"நாங்களும் அப்படித்தானுங்கம்மா புடிச்சோம்" என்றேன்.